பெண்களுக்காகப் பதவி துறந்தவர்



"எங்கட ஒரு வோட்டால என்ன நடக்கப் போகுது?" என்று தேர்தல் நாளில் வீட்டோடு இருந்துவிடும் சகோதரிகள் இன்றும் உண்டு. அவர்களுக்காகவே இம்மாதம் ஒரு பழைய இடைத்தேர்தலின் கதை.

1912ஆம் ஆண்டு. பிரித்தானியப் பெண்களுக்குப் பாராளுமன்ற வாக்குரிமை இல்லாத காலம். அதைக் கேட்டுப் போராடிய பெண்கள் சிறையில் உண்ணாவிரதம் இருந்தனர். குழாய் மூலம் பலவந்தமாக உணவூட்டி அவர்களை வதைத்தனர். கிழக்கு இலண்டனின் போ அன்ட் புறொம்லி தொகுதி உறுப்பினர் ஜோர்ஜ் லான்ஸ்பரி இதைக் கண்டு பொறுக்காமல், பாராளுமன்றத்திலேயே பிரதமர் அஸ்குவித்தின் முகத்துக்கு நேரே கண்டித்தார். பின்னர் தமது பதவியையே துறந்து, பெண்கள் வாக்குரிமையை முன்வைத்து அதே தொகுதியில் மீண்டும் போட்டியிட்டார்.

எதிரணியினர் 'பாவாடை ஆட்சி வேண்டாம்' என்று கோஷமிட்டனர். லான்ஸ்பரிக்காக உழைத்த பெண்கள் சங்கத்தினருக்கும் உள்ளூர்த் தொழிற்கட்சியினருக்கும் இடையிலோ ஒற்றுமை இருக்கவில்லை. நவம்பர் 26ஆம் திகதி வாக்களிப்பு நடந்தது. லான்ஸ்பரிக்கு 3,291 வாக்குகள். எதிர்த்து நின்ற பிளேயருக்கு 4,042. லான்ஸ்பரி 751 வாக்குகளால் தோற்றார்.

சிந்தித்துப் பாருங்கள். பெண்ணின் உரிமை பற்றிய தேர்தல். ஆனால் அதில் வாக்களிக்க ஒரு பெண்ணுக்கும் உரிமையில்லை! இரவு பகலாக வீடு வீடாகச் சென்ற பெண்கள், வாக்குச்சாவடி வாசலோடு நின்றுவிட வேண்டியிருந்தது.

ஆயினும் அந்த உழைப்பு வீண்போகவில்லை. 1918இல் 30 வயதுக்கு மேற்பட்ட பெண்களில் ஒரு பகுதியினருக்கும், 1928இல் ஆண்களுக்குச் சமமாக 21 வயது நிரம்பிய பெண்களுக்கும் அங்கு வாக்குரிமை கிடைத்தது. லான்ஸ்பரியும் 1922இல் அதே தொகுதியில் வென்று, பின்னர் தொழிற்கட்சியின் தலைவருமானார்.

எமது நாட்டுப் பெண்கள் 1931இலேயே அவ்வுரிமையைப் பெற்றுவிட்டார்கள். டொனமூர் ஆணைக்குழு பெண்களுக்கு 30 வயது என்று சிபாரிசு செய்தபோதும், முடிவில் அது 21 ஆயிற்று. அரசாங்க சபைக்குத் தெரிவான முதலிரு பெண்களான அட்லின் மொலமுறே, நேசம் சரவணமுத்து ஆகிய இருவருமே இடைத்தேர்தல் மூலம்தான் உள்ளே சென்றார்கள்.

அடுத்த தேர்தலில் வாக்குச்சீட்டைக் கையில் எடுக்கும்போது, அன்று வாசலில் நின்ற அந்தப் பெண்களை ஒரு கணம் நினைத்துக்கொள்ளுங்கள். அவர்களுக்குக் கிடைக்காத சீட்டு அது.