2050இல் காலனி எங்கே இருக்கும்?

சுதந்திர தினம், குழந்தைகள் தினம், அறிவியல் கண்காட்சி என எது வந்தாலும் நம் பள்ளிகளில் ஒரு கட்டுரைப் போட்டி உண்டு. தலைப்பு பெரும்பாலும் ஒன்றுதான்: ‘2050இல் தமிழ்நாடு’ அல்லது ‘நான் காணும் எதிர்கால இந்தியா’. பிள்ளைகள் எழுதுவதும் ஏறக்குறைய ஒன்றுதான். கார் பறக்கும், ரோபோ சமைக்கும், நிலாவில் வீடு கட்டுவோம். யார் அதிக இயந்திரங்களை அடுக்குகிறாரோ அவருக்கு முதல் பரிசு.

இதில் பிள்ளைகளின் தவறு எதுவும் இல்லை. நாம் அவர்களுக்குப் பழக்கிக் கொடுத்திருக்கும் எதிர்காலத்தில்தான் பெரிய ஓட்டை இருக்கிறது. அந்த 2050இல் எல்லாம் மாறிவிடும், தெரு மட்டும் மாறாது. ஊர் ஊராகவே இருக்கும், காலனி காலனியாகவே இருக்கும்.

விருத்தாசலம் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு விருத்தகிரீஸ்வரர் கோயில் நினைவுக்கு வரும், அடுத்தது செராமிக். அகல் விளக்கு, பொம்மை, ஃபியூஸ் கேரியர் என்று இங்கிருந்து எங்கெங்கோ போகின்றன. சுற்றுவட்டாரக் காலனிகளிலிருந்து பெண்கள் பலர் செராமிக் கம்பெனிகளுக்கு வேலைக்குப் போகிறார்கள். அவர்களின் பிள்ளைகளோடுதான் சில ஆண்டுகளாக மாலை நேரங்களில் வேலை செய்கிறேன். அவர்களும் பறக்கும் கார் பற்றி எழுதுகிறார்கள். உன்னைப் பற்றி எழுது என்று சொன்னால் கை தயங்குகிறது. டீச்சர் ஆவேன், போலீஸ் ஆவேன், அம்மாவுக்கு மாடி வீடு கட்டுவேன் என்று எழுதுகிறார்கள். வீட்டை எங்கே கட்டுவாய் என்று கேட்டால், “இங்கதாங்க்கா, நம்ம காலனிலதான்” என்பார்கள். நிலாவில் வீடு கட்டத் தெரிந்த பிள்ளைக்கு ஊர்த் தெருவில் வீடு கட்டக் கற்பனை வரவில்லை. ஊர்த் தெரு நிலாவைவிடத் தூரம்.

மானிடவியலாளர் அர்ஜுன் அப்பாதுரை 2004இல் எழுதிய ஒரு கட்டுரையில், ஆசைப்படுவதும் ஒரு திறன்தான், அது சமூகத்தில் சமமாகப் பங்கிடப்படவில்லை என்றார். வசதியும் அதிகாரமும் உள்ளவர்களுக்கு எதிர்காலத்தை யோசித்துப் பார்க்கவும், முயன்று பார்க்கவும், தோற்றால் மறுபடி முயலவும் வாய்ப்புகள் நிறைய. இல்லாதவர்களுக்கு அந்தப் பயிற்சியே கிடைப்பதில்லை. நிலம், கல்வி, குடிநீர் போலக் கற்பனையும் நமக்கு மறுக்கப்பட்ட ஒன்று என்றுதான் இதை நான் வாசிக்கிறேன்.

2023 ஆகஸ்ட் மாதத்தை நினைத்துப் பாருங்கள். 23ஆம் தேதி சந்திரயான்-3 நிலவின் தென் துருவப் பகதியில் இறங்கியது. நாடே கை தட்டியது, நாமும் தட்டினோம். அதற்குச் சரியாக இரண்டு வாரம் முன்பு, 9ஆம் தேதி இரவு, திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு படித்த ஒரு தலித் மாணவனை அவன் வீட்டுக்குள் புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. வெட்டியவர்கள் அவனோடு ஒரே பள்ளியில் படித்தவர்கள். அவர்களும் ‘எதிர்கால இந்தியா’ கட்டுரை எழுதி வளர்ந்த பிள்ளைகள்தானே? ராக்கெட்டும் அரிவாளும் ஒரே மாதத்தில், ஒரே நாட்டில். விஞ்ஞானம் வளர்ந்தால் சாதி தானாகப் போய்விடும் என்பவர்கள் இதற்குப் பதில் சொல்லட்டும்.

எதிர்காலம் பற்றிய எழுத்து நமக்குப் புதிதல்ல. பெரியார் ‘இனிவரும் உலகம்’ எழுதினார். அவர் அன்றே செல்போனைச் சொன்னார், சோதனைக்குழாய்க் குழந்தையைச் சொன்னார் என்று மேடைதோறும் பேசுகிறோம். எஜமான், வேலைக்காரன் என்ற பேதமும், இழிவான வேலை என்ற ஒன்றும் இல்லாத உலகத்தையும் அவர் அதே எழுத்தில்தான் சொன்னார். செல்போன் வந்துவிட்டது, மற்றது வரவில்லை. வந்ததை மட்டும் கொண்டாடினால், வராததைக் கேட்க ஆளில்லாமல் போகும்.

அதற்கும் முன்பு, 1905இல், சென்னையிலிருந்து வெளிவந்த ‘இந்தியன் லேடீஸ் மேகசின்’ என்ற ஆங்கிலப் பத்திரிகையில் ‘சுல்தானாவின் கனவு’ என்ற கதை வந்தது. எழுதியவர் வங்காளத்தைச் சேர்ந்த ரொக்கையா சகாவத் உசேன் என்ற இளம்பெண். அந்தக் கதையிலும் பறக்கும் வண்டி உண்டு, சூரிய வெப்பத்தில் சமையல் உண்டு. ஆனால் அங்கே வீட்டுக்குள் அடைந்திருப்பவர்கள் ஆண்கள், நாட்டை நடத்துபவர்கள் பெண்கள். இயந்திரத்தோடு சேர்த்து யார் எங்கே இருப்பது என்பதையும் மாற்றி எழுதினார். அதனால்தான் 120 ஆண்டுகள் கழித்தும் அதைப் படிக்கிறோம்.

நம் ஆட்களும் சும்மா இருக்கவில்லை. தோல் தொழில் செய்த சாதியில் பிறந்த ரவிதாஸ், துயரமில்லாத ஊர் ஒன்றை ‘பேகம்புரா’ என்று பெயரிட்டுப் பாடினார். அங்கே வரி இல்லை, யாரும் எங்கும் தடையில்லாமல் நடக்கலாம். எங்கும் நடக்கலாம் என்பது ஒரு கனவா என்று கேட்பவர், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஊர்த் தெருவைக் கடந்தவரிடம் கேட்டுப் பார்க்கட்டும். 1855இல், ஜோதிராவ், சாவித்திரிபாய் பூலே தம்பதியின் பள்ளியில் படித்த பதினான்கு வயது முக்தாபாய், மாங், மகர் மக்களின் துயரம் பற்றி ஒரு கட்டுரை எழுதினாள். மராத்திப் பத்திரிகை ‘ஞானோதயா’ அதை வெளியிட்டது. பள்ளி மாணவியின் கட்டுரை என்றால் அது கட்டுரை. இன்று எந்தக் கட்டுரைப் போட்டியிலாவது அதற்குப் பரிசு கிடைக்குமா?

பரிசு கிடைக்காதது பெரிய விஷயமில்லை. தனக்கென்று ஒரு எதிர்காலத்தை எழுதிக்கொண்டால் உயிரையே எடுக்கிற மண் இது. விருத்தாசலத்துக்குப் பக்கத்தில் புதுக்கூரைப்பேட்டை. தலித் இளைஞர் முருகேசன், கெமிக்கல் இன்ஜினியரிங் படித்தவர். வன்னியர் சமூகத்தைச் சேர்ந்த கண்ணகியும் அவரும் 2003 மே மாதம் கடலூரில் பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள். ஒரு பதிவேட்டில் இரண்டு கையெழுத்து, அவ்வளவுதான் அவர்கள் எழுதிய எதிர்காலம். ஜூலை 8ஆம் தேதி இருவரையும் விஷம் ஊற்றிக் கொன்று எரித்தார்கள். விசாரணை நீதிமன்றத் தீர்ப்பு வர 2021 செப்டம்பர் ஆனது. உச்ச நீதிமன்றம் தண்டனையை உறுதி செய்தது 2025 ஏப்ரலில். இருபத்திரண்டு ஆண்டுகள். நம் பிள்ளைகள் ஏன் பெரிதாகக் கனவு காண்பதில்லை என்று அங்கலாய்ப்பவர்கள் இந்தக் கணக்கை முதலில் போடட்டும்.

அதே 2025 ஏப்ரல் மாதக் கடைசியில்தான் ‘காலனி’ என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்கிறேன். ஆனால் பலகையில் பெயரை மாற்றிவிடலாம். சுடுகாட்டுப் பாதையையும், தேர் திரும்பிப் போகும் முனையையும் பலகை மாற்றாது. அவை இல்லாத ஊர் எப்படி இருக்கும் என்று யாராவது முதலில் யோசித்து எழுதியாக வேண்டும்.

எழுதத் தொடங்கியிருக்கிறார்கள் என்பதுதான் நல்ல செய்தி. சென்னையின் பிளாஃப்ட் பதிப்பகம் 2024இல் சாதி எதிர்ப்பு அறிவியல் புனைவுகளுக்கென்றே ஆங்கிலத்தில் ஒரு தொகுப்பைக் கொண்டுவந்தது. இப்படியொரு நூலைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ரோஹித் வெமுலா நினைவு வருகிறது. கார்ல் சேகனைப் போல அறிவியல் எழுத்தாளர் ஆக வேண்டும் என்பதுதான் தன் ஆசை என்று 2016 ஜனவரியில் கடைசிக் கடிதத்தில் எழுதிவிட்டுப் போனவர். நட்சத்திரங்களைப் பற்றி எழுத வேண்டிய ஒரு தலித் கையை நாம் இழந்தோம். அடுத்த கை விருத்தாசலத்தின் ஏதோ ஒரு காலனியில் இப்போது ஏழாம் வகுப்பில் இருக்கலாம். அந்தப் பிள்ளைக்கு இந்த ஆங்கில நூல் போய்ச் சேராது. தமிழில், அரசுப் பள்ளி நூலகத்தில் இருந்தால்தான் சேரும்.

‘பிஞ்சு மனதில் சாதியைப் புகுத்தாதீர்கள்’ என்று சிலர் வருவார்கள். சாதியை நாங்கள் புகுத்தவில்லை. மணிக்கட்டில் கயிறு கட்டியவர்கள் புகுத்திவிட்டார்கள், டீக்கடை புகுத்திவிட்டது. பிள்ளைகளுக்குத் தெரிந்ததை எழுதவும், அது இல்லாத நாளை யோசிக்கவும் இடம் கொடுங்கள் என்றுதான் கேட்கிறோம். இது தலித் பிள்ளைகளுக்கு மட்டுமான பயிற்சியும் இல்லை. ஊர்த் தெருப் பிள்ளைதான் இதை முதலில் எழுத வேண்டும். தன் தாத்தாவின் பெருமை இல்லாமல் தான் யார் என்று யோசிக்கும் வாய்ப்பு அவனுக்கும் கிடைக்கட்டும்.

ஆசிரியர்களுக்கும் போட்டி நடத்தும் அமைப்புகளுக்கும் சில கோரிக்கைகள். தலைப்பை மாற்றுங்கள். ‘2050இல் நம் தெரு’ என்று கொடுங்கள். ரோபோ வரட்டும். அந்த ரோபோ சாக்கடைக்குள் இறங்குமா, அல்லது அப்போதும் நம் அண்ணன்தான் இறங்குவாரா என்று ஒரு கேள்வி சேருங்கள். கேரளத்தில் 2018லேயே அந்த இயந்திரம் வந்துவிட்டது. மனிதர் கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் சட்டம் 2013லேயே வந்துவிட்டது. ஆள் மட்டும் இன்னும் இறங்கிக்கொண்டிருக்கிறார். பரிசுக்கு மதிப்பெண் போடும்போது இயந்திரங்களை எண்ணாதீர்கள். அந்தக் கதையில் யார் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள் என்று பாருங்கள். ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளிலும் விடுதிகளிலும் மாதம் ஒரு நாள் எழுத்துப் பட்டறை நடத்துங்கள். எழுதியதைத் தொகுத்து அச்சிடுங்கள். அச்சில் தன் பெயரைப் பார்த்த பிள்ளை எழுதுவதை விடாது.

செராமிக் கம்பெனியில் ஒரே பிளாஸ்டர் அச்சில் ஊற்றினால் ஒரே பொம்மைதான் வரும். ஆனால் ஊற்ற ஊற்ற அச்சும் தேயும், ஒரு நாள் அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புது அச்சு செய்வார்கள். இது நம் அம்மாக்களுக்குத் தெரியும். சாதி என்ற அச்சைத் தூக்கிப் போடும் நாளை அவர்களின் பிள்ளைகள் எழுதட்டும். படிக்க நாம் இருக்கிறோம்.

ஜெய் பீம்.