தங்கையைக் கொண்டிருந்தவன்

‘அவனுக்கு ஒரு தங்கை இருந்தாள்’ என்று எழுத நம் மொழிபெயர்ப்பாளர்களுக்குக் கை கூசுகிறது. ‘அவன் ஒரு தங்கையைக் கொண்டிருந்தான்’ என்று எழுதினால்தான் மூலத்துக்கு விசுவாசமாக இருந்த திருப்தி.

ஆங்கிலத்தின் ‘ஹேவ்’ ஒரு சோம்பேறி வினை. தங்கை, பேனா, ஜுரம், கடன் எல்லாவற்றுக்கும் அது ஒன்றே. சாயங்கால டீக்கும் அதுதான். போயாக வேண்டும் என்றாலும், சலூனில் முடி வெட்டிக்கொண்டாலும் அதுதான். தமிழ் இடம் பார்க்கிறது. ‘எனக்கு இரண்டு பிள்ளைகள்’ என்பவர் தகப்பனார். ‘என்னிடம் இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள்’ என்பவர் டியூஷன் வாத்தியார். ஜுரத்துக்கோ வினையே வேண்டாம்: எனக்கு ஜுரம்.

குடம் எட்டுப் படி கொள்ளும், நாவல் பத்து அத்தியாயங்களைக் கொண்டது - இவற்றில் எனக்கு ஆட்சேபமில்லை. ஆனால் ‘கொண்டிரு’ என்பது நடந்துகொண்டிருக்கிற காரியத்தோடு ஒட்டிப்போய்விட்ட சொல். அதைத் தனியே நிறுத்தினால் காது அதற்கு முன்னால் ஒரு வினையைத் தேடுகிறது. தங்கையை என்ன செய்துகொண்டிருந்தான்? அதுவும், பெண் கொண்டான் என்றால் கல்யாணம் என்று அர்த்தமாகிற மொழியில் இப்படி எழுத அசாத்தியத் துணிச்சல் வேண்டும்.

பழந்தமிழில் ‘உடையான்’, ‘உடைத்து’ இல்லையா என்பார்கள். இருக்கிறது. அதையாவது எழுதுகிறார்களா?

வேடிக்கை என்னவென்றால், ரஷ்ய மொழியிலும் அன்றாடப் பேச்சில் ‘என்னிடம் இருக்கிறது’ என்கிற மாதிரிதான். செகாவின் பாத்திரத்துக்குத் தங்கை ‘இருந்தாள்’. ஆங்கிலத்தில் ‘ஹேவ்’ வந்தது. வேறு வழியில்லை அவர்களுக்கு. அங்கிருந்து தமிழுக்கு வந்தவள், ‘இருந்தாள்’ என்று தன் வீட்டுக்குத் திரும்பியிருக்கலாம். விடவில்லை நாம். ‘ஹேவ்’ மாதிரியான வினை எல்லா மொழிக்கும் பொதுவல்ல, ‘இருத்த’லைக் கொண்டு உடைமையைச் சொல்வதே உலகில் அதிகம் என்று பென்வெனிஸ்த் 1960லேயே எழுதிவிட்டார்.

உடனே, ‘ஹேவ்’ இல்லாததால் தமிழன் பற்றற்றவன் என்று யாரும் கிளம்ப வேண்டாம். எரிக் ஃப்ராம் 1976ல் அந்தத் திசையில் கொஞ்சம் போனார். நம்மூர்ப் பத்திரப் பதிவு அலுவலக வாசலில் ஒரு மணி நேரம் நின்றால் தெளிந்துவிடும்.

என் எரிச்சல் மொழிபெயர்ப்போடு நிற்கவில்லை. ‘நான் ஒரு தனிமையைக் கொண்டிருக்கிறேன்’ என்று சமீபத்தில் ஒரு கவிதை ஆரம்பித்தது. மூலம் எந்த மொழி என்று விசாரித்தேன். மொழிபெயர்ப்பில்லையாம், சொந்தக் கவிதை.