பழம்பொறிக்குப் பிறந்த புதுவிளையாட்டுக்கள்

ஆண்டு முதிர்ந்தவையே முதலில் அழியும், அண்மையிற் பிறந்தவை தாமாகவே நிலைத்திருக்கும் என்றொரு நினைவு நம் எல்லோர் உள்ளத்திலும் உண்டு. ஏட்டுச் சுவடிகளோடு பழகியோர் இந்நினைவு முற்றும் பொருந்தாதென்பதை அறிவர். பலர் படியெடுத்துப் போற்றிய பழநூல் நின்றிருக்க, ஒருவர் வீட்டில் ஒரே பிரதியாய்க் கிடந்த பிற்காலத்து நூல் மறைந்தொழிந்ததுண்டு. ஒரு நூல் நிற்பதும் நில்லாததும் அதன் வயதைப் பொறுத்ததன்று. படிகளின் தொகையையும், படியெடுப்போர் உளரா என்பதையும் பொறுத்தது. இவ்வுண்மை இன்று யாம் எதிர்பாராத ஓரிடத்தில், வீடியோ விளையாட்டு உலகில், மீண்டும் மெய்ப்படுகின்றது.

சில நாட்களுக்கு முன் என் மாணாக்கர் ஒருவர் தம் கைத்தொலைபேசியில் ஒரு விளையாட்டைக் காட்டினார். சிறு மந்திரவாதியொருவன் கோபுரச் சுவர்களிலே தாவித்தாவி மேலேறுகின்றான். உருவங்கள் எல்லாம் கட்டங்கட்டமாக, கோலப்புள்ளி வைத்தாற்போல இருந்தன. "இது உம் தகப்பனார் காலத்து விளையாட்டோ, தம்பி?" என்று கேட்டேன். "இல்லை ஐயா, பொறிதான் 1983 ஆம் ஆண்டினது. விளையாட்டு 2019 இலே செய்தது" என்றார். அவ்விடையே இக்கட்டுரைக்கு வித்தாயிற்று.

அவர் கூறிய பொறி யப்பானிய நிறுவனமாகிய நின்டென்டோ 1983 இல் வெளியிட்ட 'பமிகொம்' ஆகும். பிற நாடுகளில் அது என்.ஈ.எஸ். என்னும் பெயரால் வழங்கிற்று. உலகெங்கணும் ஆறு கோடிக்கு மேல் விற்பனையாகிப் புகழ்பெற்ற அப்பொறியின் உற்பத்தி 2003 ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டது. நிறுவனம் கைவிட்ட பொறியை அன்பர்கள் கைவிடவில்லை. அதற்கும், அதனையொத்த பிற பழம்பொறிகளுக்கும், ஓரிருவராகக் கூடிப் புதிய விளையாட்டுக்களை இன்றுவரை ஆக்கி வருகின்றனர். மாணாக்கர் காட்டிய 'மைக்ரோ மேஜஸ்' என்பது ஜேர்மனியிலுள்ள மோர்ப்கற் கேம்ஸ் என்னும் சிறு குழுவினரின் ஆக்கம். சேகா நிறுவனத்தின் மெகா டிரைவ் பொறிக்கு 2018 இல் 'டாங்கிள்வூட்' வெளிவந்தது. 1990 களில் அந்நிறுவனம் தன் நிரலாளர்க்கு வழங்கிய பழைய கருவிகளைக் கொண்டே அது எழுதப்பட்டது. 'கேம் போய்' என்னும் கைப்பொறிக்கு 2017 இல் 'டோபு டோபு கேர்ள்' வந்தது. நிரல் எழுதக் கல்லாதாரும் அக்கைப்பொறிக்கு விளையாட்டு ஆக்கவல்ல 'ஜி.பி. ஸ்டூடியோ' என்னும் கருவி 2019 இல் தோன்றியபின், இத்தகைய ஆக்கங்கள் பெருகி வருகின்றன.

வசதி மிக்க கணனிகள் இருக்க, இவர்கள் இடர்மிக்க வழியை நாடுவது ஏன் என்று வினவலாம். உரைநடை இருக்க வெண்பாப் பாடுவது ஏன் என்று வினவுவார்க்கு என்ன விடையோ அதுவே இதற்கும் விடை. என்.ஈ.எஸ். பொறியின் செயல் நினைவகம் 2 கிலோபைட் மாத்திரமே. மைக்ரோ மேஜஸ் முழுவதும், படமும் இசையும் ஆட்ட விதிகளும் உட்பட, 40 கிலோபைட்டில் அடங்கிற்று. இன்றைய கைத்தொலைபேசி எடுக்கும் ஒரு புகைப்படம் அதனினும் பன்மடங்கு பெரிது. இடத்தை மிச்சம் பிடிக்கும்பொருட்டுக் கோபுரத்தின் ஒரு பாதியை மாத்திரம் பதிந்து, மறுபாதியைக் கண்ணாடி நிழல்போலத் திருப்பி வரைவித்தனர். தளை தட்டாமற் பாடும் புலவரின் உழைப்பை ஒத்த உழைப்பு இது.

இனி இவற்றின் ஆயுளை நோக்குவாம். 1980 களில் வெளிவந்த விளையாட்டுக்கள் இலட்சக் கணக்கான 'கசெட்'டுக்களாய் ஆலைகளில் வார்க்கப்பட்டன. அவற்றின் தரவு சில்லு செய்யும்போதே அதனுட் பொறிக்கப்பட்டது. கல்வெட்டுப்போல எளிதில் அழியாதது. அன்றியும், அவற்றுட் பெரும்பாலானவை பல்லாண்டுகளுக்கு முன்னரே அன்பர்களாற் படியெடுக்கப்பட்டு அட்டவணையும் இடப்பட்டுவிட்டன. புதியவற்றின் நிலையோ வேறு. ஒரு விளையாட்டுக்குச் சில நூறு கசெட்டுக்கள் செய்யப்படுவதே பெரிது. அவற்றுட் பல, மின்னூட்டத்தைச் சிறைப்படுத்தித் தரவைக் காக்கும் பிளாஷ் நினைவகத்தில் எழுதப்படுகின்றன. அம்மின்னூட்டம் ஆண்டுகள் செல்லச் செல்லக் கசியும். இத்தகைய சில்லுகளுக்கு உற்பத்தியாளர் பொதுவாக உறுதிகூறுவது பத்து முதல் இருபது ஆண்டளவே. மூல நிரலோ ஆக்கியோனின் கணனியில் மாத்திரம் கிடக்கும். அக்கணனி பழுதுற்றாலும், அவர் வேறு தொழிலுக்குச் சென்றாலும், கேட்பதற்கு ஒரு நிறுவனம் இல்லை. 1983 இன் விளையாட்டு நின்றிருக்க, 2019 இன் விளையாட்டு மறையும் காலம் வரக்கூடும் என்பது மிகையன்று.

பேணுவோரின் கண்ணும் இவற்றின்மீது இன்னும் படவில்லை. அமெரிக்காவிலுள்ள வீடியோ விளையாட்டு வரலாற்று நிறுவகம் 2023 இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. 2010 இற்கு முன் அந்நாட்டில் வெளிவந்த விளையாட்டுக்களுள் நூற்றுக்கு 87 இன்று விற்பனையில் இல்லை என்பது அதன் முடிபு. அறிஞர் பலரைத் திடுக்கிடச் செய்த அக்கணக்கிலே 2010 இற்குப் பின் பிறந்த இவ்வாக்கங்கள் சேரவேயில்லை. நூல்நிலையங்கள் தாம் பேணும் விளையாட்டுக்களைத் தொலைவிலுள்ள ஆய்வாளரும் பயன்படுத்த இடமளிக்கவேண்டும் என்ற வேண்டுகோளை அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் 2024 ஒக்டோபரில் மறுத்துவிட்டது. ஆய்வாளர் பேணப்படும் இடத்துக்கே செல்லவேண்டும் என்னும் நிலை நீடிக்கின்றது.

பொறி மறைந்தபின் விளையாட்டை உயிர்ப்பிக்கும் வழி எமுலேட்டர் ஒன்றே. பழைய பொறியின் சில்லுகள் செய்த தொழில் ஒவ்வொன்றையும் புதிய கணனியைக் கொண்டு செய்விக்கும் நிரல் அது. நினைவகத்தின் இன்ன அறையிலுள்ள எண்ணை எடு, இதனோடு கூட்டு, திரையின் இன்ன இடத்தில் இவ்வுருவை இடு என்று விளையாட்டு இடும் கட்டளைகளைப் பழைய சில்லின் இடத்தில் நின்று அது நிறைவேற்றும். சோனி நிறுவனம் கொனெக்டிக்ஸ் என்னும் கொம்பனிமீது தொடுத்த வழக்கில், எமுலேட்டர் ஆக்கும்பொருட்டுப் பொறியின் உள்நிரலைப் படியெடுத்து ஆராய்ந்தது நியாயமான பயன்பாடே என்று அமெரிக்க மேன்முறையீட்டு நீதிமன்றமொன்று 2000 ஆம் ஆண்டிற் றீர்ப்பளித்தது.

எமுலேட்டரைப் போலியென இகழ்வாரும் உளர். இலக்கணம் கற்றோர் அச்சொல்லுக்கு அஞ்சவேண்டுவதில்லை. அறம் என்பது அறன் எனவும், மஞ்சு என்பது மைஞ்சு எனவும் நின்றவிடத்து எழுத்து மாறியதேயன்றிப் பொருள் மாறவில்லை. அதனையே நாம் போலி என்கின்றோம். நல்ல எமுலேட்டரும் அவ்வகைப் போலியே. ஆனாற் பொருள் திரியுமாயின் அது போலியன்று, பிழை.

அப்பிழை நேர்ந்ததும் உண்டு. சுப்பர் நின்டென்டோ பொறிக்கென 1997 இல் வெளிவந்த 'இசட்.எஸ்.நெஸ்' என்னும் எமுலேட்டர் வேகம் மிக்கது, நுட்பம் குறைந்தது. பழைய விளையாட்டுக்களைத் திருத்திப் புதுவடிவம் செய்தோர் பலர் அதிலேயே சோதித்துப் பார்த்தனர். அவ்வாக்கங்களுட் பல பின்னர் மெய்ப்பொறியிலும், நுட்பம் மிக்க எமுலேட்டர்களிலும் ஓட மறுத்தன. படியெடுத்தவனின் பிழையையே மூலபாடம் எனக் கொண்டு செய்யுள் இயற்றியது போலாயிற்று. மற்றொன்றுங் காண்க: மெய்ப்பொறிக்கு மின்னூட்டியவுடன் அதன் நினைவகத்தில் ஒழுங்கற்ற எண்களே நிறைந்திருக்கும், சில எமுலேட்டர்களோ அதனைச் சுழியத்தால் நிரப்பித் தொடங்கும். சுழியத்தை நம்பி எழுதிய விளையாட்டு மெய்ப்பொறியிற் றடுமாறும். ஆதலின் புதுவிளையாட்டைப் பேணுவோர் கோப்பை மாத்திரம் சேமித்தல் போதாது. எப்பொறியில், எந்த எமுலேட்டரின் எப்பதிப்பிற் சோதிக்கப்பட்டதென்பதையும், திருத்தந்தோறும் உண்டான பாடபேதங்களையும் குறித்துவைத்தல் வேண்டும். சுவடிப் பதிப்பாசிரியர் செய்யும் வேலை இதுவேயன்றோ?

இங்கே ஓர் அறச்சிக்கல் எழுகின்றது. நின்டென்டோ போன்ற பெருநிறுவனத்தின் நாற்பதாண்டுப் பழைய விளையாட்டைப் படியெடுப்பது வேறு; கைப்பணத்தைச் செலவிட்டுச் சில நூறு கசெட் செய்த தனியொருவரின் ஆக்கத்தை வெளிவந்த வாரமே படியெடுத்துப் பரப்புவது வேறு. முன்னதைச் செய்யத் தயங்காத அன்பர் பலர் பின்னதைச் செய்ய மறுக்கின்றனர். அம்மறுப்புப் போற்றத்தக்கது, ஆயினும் அம்மரியாதையே அவ்வாக்கத்தை ஒரே பிரதியாய் விட்டு அழிவுக்கு ஆளாக்கவும் கூடும்.

ஆக்கியோரும் இருதிறத்தினர். மெகா டிரைவ் பொறிக்கு 2017 இல் முன்பதிவு பெற்று, 2020 டிசம்பரில் வாங்கியோர் கைக்குச் செல்லத் தொடங்கிய 'பாப்ரியம்' என்னும் விளையாட்டின் கசெட்டினுள்ளே அதற்கெனத் தனியே அமைந்த சில்லொன்று வைக்கப்பட்டது. அச்சில்லுப் பழம்பொறிக்கு இல்லாத வலிமையை அளித்தது மெய்யே. ஆனால் வழக்கமான எமுலேட்டர்கள் அதனை இயக்க இயலாது நின்றன; சில்லின் நடத்தையைப் புறத்தேயிருந்து ஊகித்தறிய வேண்டியதாயிற்று. திறவுகோலை உடன்வையாத பேழை அது. மைக்ரோ மேஜஸ் செய்தோரோ கசெட்டோடு கோப்பையும் விற்றனர். வாங்கியவர் விரும்பிய எமுலேட்டரில் ஆடலாம், தாமே காத்தும் வைக்கலாம். டோபு டோபு கேர்ள் ஆக்கியோர் இன்னும் ஒருபடி சென்று, விளையாட்டையும் மூல நிரலையும் யாவர்க்கும் இலவசமாய்த் திறந்துவைத்தனர்; அதன்பின்னரும் அதன் கசெட்டை விலைகொடுத்து வாங்குவோர் இருந்தனர்.

எல்லோரும் இலவசமாய் அளிக்கவேண்டும் என்பது எம் கருத்தன்று. எழுதியவன் உண்ணவேண்டும். ஆயினும் விற்பனைக்கும் பேணலுக்கும் பகையில்லை. இரண்டுக்கும் வேண்டுவது கால வரையறை. ஆக்கியோன் தன் கோப்பையும், மூல நிரலையும், குறிப்புக்களையும் நம்பத்தக்க நூல்நிலையம் ஒன்றில் இன்றே ஒப்படைக்கட்டும். இத்தனை ஆண்டுவரை திறவற்க என்று விதிக்கட்டும். அவ்வாண்டுகள் கழிந்தபின், அல்லது விற்பனை நின்றபின், அது பொதுவுடைமையாகட்டும். கேம் போய் ஆக்கங்களுக்கென அன்பர்கள் நடத்தும் 'ஹோம்புரூ ஹப்' போன்ற திறந்த தொகுப்புக்கள் இதற்குத் தொடக்கமாய் உள்ளன. நியூயோர்க் மாநிலத்து ரொச்செஸ்டர் நகரிலுள்ள ஸ்ரோங் அரும்பொருட்சாலை போன்ற நிலையங்கள் இவ்வொப்படைப்பைக் கேட்டுப் பெறுதலைத் தம் கடனாகக் கொள்ளலாம்.

விளையாட்டுத்தானே, இதற்கு இத்துணை ஆராய்ச்சியோ எனச் சிலர் நகைக்கலாம். பாட்டுந்தான் ஒரு காலத்தில் விளையாட்டாகவே கருதப்பட்டது. எதனைப் பிற்காலத்தார் போற்றுவர் என்பதை எக்காலத்தாரும் முன்னறிந்ததில்லை. படியெடுத்தவர் கையிலேயே அது தங்கியிருந்தது. அன்று வகுப்பு முடிந்து செல்கையில் அம்மாணாக்கரிடம், "அந்தக் கோப்பு உம்மிடம் மாத்திரமா இருக்கின்றது?" என்று கேட்டேன். "கைத்தொலைபேசியில் ஒன்று, வீட்டுக் கணனியில் ஒன்று, ஐயா, விலைகொடுத்து வாங்கியது" என்றார். இரண்டு படி உண்டென்று கேட்டு மனம் சிறிது ஆறினேன்.