அம்மாவுக்கு ஆள் இருக்கு, அப்பாவுக்கு யார்?

எங்கட ஊரில எந்த வீட்டில கர்ப்பிணி இருக்கிறா, எந்தப் பிள்ளைக்கு எப்ப ஊசி எண்டு குடும்பநல உத்தியோகத்தருக்குத் தெரியும். 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதார அலகு முறை தந்த கொடை அது. ஒரு எல்லை, அதுக்கு ஒரு பொறுப்பாளர்.

அதே வீட்டில சீனியும் பிரஷரும் உள்ள அப்பாவுக்கு யார் பொறுப்பு? ஒருத்தரும் இல்லை. விடிய எழும்பிப் பெரியாஸ்பத்திரி கிளினிக்குக்குப் போகவேணும். நெடுந்தீவார் எண்டால் முதலில படகேறவேணும். கொப்பியைப் புரட்டுற வைத்தியர் போனமுறை பார்த்தவராக இருக்கவேணும் எண்டில்லை. காசிருக்கிறவைக்குப் பின்னேரம் தனியாரில ‘எங்கட டொக்டர்’ இருக்கிறார். மற்றவைக்கு வரிசைதான்.

5,000 பேருக்கு ஒரு குடும்ப வைத்தியர் எண்டு 2018இல் அரசாங்கமே கொள்கை எழுதியது. ஆரம்ப சுகாதாரத்தைப் பலப்படுத்த உலக வங்கியிடம் 200 மில்லியன் டொலர் கடனும் எடுத்தது. கட்டடமும் கருவியும் தேவைதான். ஆனால் கட்டடம் ஆளின்ர பேர் சொல்லிக் கூப்பிடாது.

2022 நெருக்கடியோட டொக்டர்மார் வெளிநாடு போயிட்டினம் எண்டு சொல்லுவினம். உண்மைதான். அப்ப இருக்கிறவையை ஊருக்கு ஊர் சரியாகப் பங்கிடுறதுதானே முதல் வேலை?

நாங்களும் தடிமனுக்கே பெரியாஸ்பத்திரிக்கு ஓடுறம். கிட்ட இருக்கிற ஆஸ்பத்திரியில மருந்தும், நாலு வருஷமாவது நிலைக்கிற வைத்தியரும், எங்கட பேர் உள்ள பதிவேடும் இருந்தால் ஏன் ஓடப்போறம்? கேட்கிறது சலுகை இல்லை. அம்மாவுக்குக் குடுத்ததை அப்பாவுக்கும் குடுங்கோ.