பட்டா நம்ம பேர்ல இருக்கு, நிலம்?

போன செமஸ்டர் லீவுல எங்க வீட்டில் ஒரு முடிவு எடுத்தாங்க. கீழ்பென்னாத்தூர் பக்கத்தில் இருக்கும் எங்கள் மானாவாரி நிலத்தில் முப்பது சென்ட் விற்று அக்கா கல்யாணத்தை முடிப்பது என்று. வாங்க வந்தவர் நல்ல மனுஷன், விலையும் படிந்தது. அவரோட வக்கீல் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"பட்டா உங்க பேர்ல இருக்குங்க, சரி. இந்த நிலம் உங்களுக்கு எப்படி வந்துச்சு?"

அப்பாவிடம் பதில் இருந்தது, காகிதம் இல்லை. தாத்தாவும் அவர் தம்பிகளும் வாய்வார்த்தையாகப் பிரித்துக்கொண்டது. தாத்தா காலமானபின் அப்பா உழுதார், பட்டாவும் மாறியது. இரண்டு அத்தைகளின் கையெழுத்து எதிலும் இல்லை. "ஊரே சாட்சிப்பா" என்றார் அப்பா. ஆனால் ஊர் வந்து கையெழுத்துப் போட முடியாதே. விற்பனை அங்கேயே நின்றது.

நண்பர்களே, உங்களில் பாதிப் பேர் வீட்டில் இதே கதை இருக்கும் என்று நினைக்கிறேன். அதனால்தான் சட்டக் கல்லூரி மாணவர்கள் படிக்கும் விஷயத்தை நம் இன்ஜினியரிங் இதழில் எழுதுகிறேன்.

முதலில் ஒரு பழைய நம்பிக்கையை உடைப்போம். "பத்திரம் பதிவாகிடுச்சு, இனி நிலம் நம்மது." இது முழு உண்மை இல்லை. 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் பத்திரத்தைத்தான் பதிவு செய்கிறது, உரிமையை அல்ல. இன்னார் இன்னாருக்கு இப்படி எழுதிக்கொடுத்தார் என்பதற்கு அது சாட்சி. எழுதிக்கொடுத்தவருக்கே அந்த நிலம் சொந்தமா என்று அரசு உறுதி சொல்வதில்லை. தமிழ்நாட்டிலிருந்து போன கே. கோபி வழக்கில் 2025 ஏப்ரல் 7 அன்று உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது: விற்பவருக்கு உரிமை இருக்கிறதா என்று ஆராயும் அதிகாரத்தை இந்தச் சட்டம் சார்பதிவாளருக்குத் தரவில்லை. அப்படி உரிமையை நிரூபிக்கச் சொன்ன தமிழ்நாட்டுப் பதிவு விதி 55-ஏ (1) செல்லாது என்று தீர்ப்பானது.

பட்டா? அது வருவாய்த் துறை ஆவணம். வரி கட்டுபவர் யார், அனுபவத்தில் இருப்பவர் யார் என்பதைக் காட்டும். பட்டா மட்டுமே உரிமையைத் தராது என்று நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டன. வில்லங்கச் சான்று? பதிவான பத்திரங்கள் மட்டும்தான் அதில் வரும். வாய்மொழிப் பாகப்பிரிவினை வராது. பதியாத உயில் வராது. அத்தைகளின் பங்கும் வராது.

அப்போ உரிமையை யார்தான் பார்ப்பது? வாங்குபவர்தான், தன் வக்கீலை வைத்து. மூலப்பத்திரத்திலிருந்து இன்றுவரை சங்கிலி அறுபடாமல் வருகிறதா என்று கண்ணி கண்ணியாகப் பார்க்க வேண்டும்.

இங்கேதான் நம்ம ஆளுங்க குதிப்பாங்க: "சங்கிலியா? பிளாக்செயின் போட்டா முடிஞ்சுது மச்சி!" சும்மா சொல்லவில்லை. 2025 நவம்பர் 7 அன்று பீகார் வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றமே, நிலப் பதிவில் பிளாக்செயினைப் பயன்படுத்துவது பற்றிச் சட்ட ஆணையம் ஆராயட்டும் என்றது. நானும் சந்தோஷப்பட்டேன். ஆனால் எங்கள் முப்பது சென்டை அதில் ஏற்றிப் பாருங்கள். முதல் பிளாக்கில் யார் பெயரை எழுதுவீர்கள்? அப்பா பெயரை மட்டும் எழுதினால் தப்பு. அந்தத் தப்பை யாரும் அழிக்க முடியாதபடி பத்திரப்படுத்தியதுதான் மிச்சம். எழுதியதை மாற்றாமல் காப்பது தொழில்நுட்பம். சரியாக எழுதுவது மனிதர் வேலை.

அந்த வேலையைச் செய்த நாடுகள் உண்டு. 1858-ல் தெற்கு ஆஸ்திரேலியாவில் ராபர்ட் டோரன்ஸ் கொண்டுவந்த முறையில் அரசுப் பதிவேடே உரிமை. பதிவேட்டை நம்பி ஏமாந்தவருக்கு இழப்பீடும் உண்டு. மலேசியாவும் சிங்கப்பூரும் அந்த வழியில்தான் போகின்றன. இலங்கை 1998-ல் உரித்துப் பதிவுச் சட்டம் இயற்றி, 2007 முதல் 'பிம் சவிய' திட்டத்தில் துண்டு துண்டாக அளந்து வருகிறது. இன்னும் முடியவில்லை. இராஜஸ்தான் 2016-ல் நகர்ப்புற நிலங்களுக்கு உரிமைச் சான்றுச் சட்டம் போட்டது. என் கருத்து இதுதான்: தமிழ்நாடும் அந்தப் பக்கம் போகவேண்டும். ஆனால் சாஃப்ட்வேர் டெண்டருக்கு முன்னால் சர்வேயர்கள் வேண்டும், வாரிசுகளை விசாரிக்க ஆட்கள் வேண்டும், தப்பானால் பணம் கொடுக்க நிதி வேண்டும்.

அதுவரை நாம் என்ன செய்வது? வீட்டில் பெரியவர்கள் இருக்கும்போதே எழுதிக்கொள்வது. எழுதும்போது ஒரு வினைச்சொல் எவ்வளவு கனம் என்று பாருங்கள். ஏற்கெனவே நடந்த பிரிவினையை நினைவுக்காக "பிரித்துக்கொண்டோம்" என்று எழுதும் கூர்சீட்டுக்குப் பதிவு கட்டாயமில்லை. "இதன்மூலம் பிரித்துக்கொள்கிறோம்" என்று எழுதினால் அதுவே பாகப்பிரிவினைப் பத்திரம். முத்திரைத் தீர்வையும் பதிவும் வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் கோர்ட்டில் அதை வைத்துப் பாகத்தை நிரூபிக்க முடியாது. நாம் கோடில் ஒரு செமிகோலனுக்கு அழுகிறோம், அவர்களுக்கு ஒரு விகுதி.

எங்கள் வீட்டுக்கு வருகிறேன். அப்பா விடுதலைப் பத்திரம் தயார் செய்துகொண்டு அத்தைகள் வீட்டுக்குப் போனார். பெரிய அத்தை கையெழுத்துப் போட்டுவிட்டார். சின்ன அத்தை, "எனக்குன்னு ஒரு பங்கு இருக்குல்லண்ணே?" என்று கேட்டார். அப்பாவுக்கு மனசு உடைந்துபோச்சு. இன்றுவரை அவர்கள் சரியாகப் பேசவில்லை.

எனக்கும் முதலில் கோபம். அப்புறம் படித்தேன். மகளுக்கும் மகனைப் போலவே பிறப்பால் பங்கு என்று தமிழ்நாடு 1989-லேயே சட்டம் செய்தது, 2005-ல் அது நாடு முழுக்க வந்தது. அத்தை கேட்டது தானம் இல்லை. தாத்தா இருந்தபோதே உட்கார்ந்து பேசி எழுதியிருந்தால், இன்று அது சண்டையாகவே தெரிந்திருக்காது.

இந்த லீவுக்கு ஊருக்குப் போனால் ஒரு நாள் ஒதுக்குங்கள். இரும்புப் பெட்டியில் இருக்கும் பத்திரங்களை வெளியே எடுங்கள். பதிவுத் துறை இணையதளத்தில் வில்லங்கம் போட்டுப் பாருங்கள். சர்வே நம்பரையும் நாலு பக்கச் சக்குபந்தியையும் பட்டாவோடு ஒப்பிடுங்கள். பிறகு தாத்தா பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து வக்கீல் கேட்ட அந்தக் கேள்வியை நீங்களே கேளுங்கள்: "இது நமக்கு எப்படி வந்துச்சு?"

கேட்கும்போது அத்தைகளையும் கூப்பிட்டு உட்கார வையுங்கள்.