வீட்டில் பள்ளி, சட்டத்தில் மௌனம்

ஆறு முதல் பதினான்கு வயது வரையுள்ள குழந்தையை அருகிலுள்ள பள்ளியில் சேர்ப்பது ஒவ்வொரு பெற்றோரின் கடமை என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 10-ஆவது பிரிவு கூறுகிறது. சேர்க்கத் தவறும் பெற்றோருக்கு என்ன தண்டனை என்பதை அதே சட்டம் எங்கும் கூறவில்லை. 2009 ஜூலை 20-இல் மாநிலங்களவையும், ஆகஸ்ட் 4-இல் மக்களவையும் நிறைவேற்றிய இச்சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆனால், குழந்தைக்கு வீட்டிலேயே கல்வி புகட்டலாமா, கூடாதா என்கிற எளிய கேள்விக்கு அதில் நேரான விடை இல்லை.

இந்த இடைவெளியில்தான், பெருநகரங்களில் உள்ள கிறிஸ்தவக் குடும்பங்கள் சில, மழலைப் பருவத்திலிருந்தே தங்கள் குழந்தைகளுக்கு அமெரிக்காவில் தயாரான விடியோ பாடத்திட்டங்களைத் தேர்ந்தெடுக்கின்றன. அமெரிக்காவின் ஐம்பது மாநிலங்களிலும் வீட்டுவழிக் கல்வி சட்டபூர்வமானது. 2016-இல் அந்நாட்டு அரசு எடுத்த கணக்கின்படி சுமார் 17 லட்சம் குழந்தைகள் அவ்வாறு பயின்றனர். அவர்களுக்காக உருவானவையே இப்பாடத்திட்டங்கள். புளோரிடா மாநிலத்தின் பென்சகோலா நகரில் 1972-இல் தொடங்கப்பட்ட 'ஏபெகா', அங்குள்ள கிறிஸ்தவப் பள்ளியின் வகுப்பறைகளிலேயே பாடங்களைப் படம் பிடித்து வழங்குகிறது. தென் கரோலினாவின் பாப் ஜோன்ஸ் பல்கலைக்கழக அச்சகமும் இத்துறையில் முன்னணியில் இருக்கிறது. அட்டவணை, பயிற்சி ஏடு, தேர்வு என எல்லாம் ஆயத்தமாகக் கிடைப்பதால், ஆசிரியப் பயிற்சி இல்லாத தாயும் தந்தையும் இவற்றை நாடுவதில் வியப்பில்லை.

தங்கள் சமய நம்பிக்கையில் குழந்தையை வளர்க்கும் பெற்றோரின் உரிமையைக் குறை கூற யாருக்கும் இடமில்லை. மனசாட்சிச் சுதந்திரத்தை அரசியல் சட்டத்தின் 25-ஆவது பிரிவு உறுதி செய்கிறது. கேள்வி மதத்தைப் பற்றியதல்ல. நான்கு வயதுக் குழந்தைக்கு எது கல்வி என்பதுதான் கேள்வி.

முதலாவது, திரை. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பாட்ரீசியா கூல் என்ற விஞ்ஞானி 2003-இல் வெளியிட்ட ஆய்வு இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. சீன மொழி பேசும் ஒருவர் நேரில் அமர்ந்து பேசி விளையாடியபோது, ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகள் அம்மொழியின் ஒலிகளைப் பிரித்தறியக் கற்றன. அதே பேச்சை விடியோவில் கண்ட குழந்தைகள் எதையும் கற்கவில்லை. இரண்டு முதல் நான்கு வயதுக் குழந்தைகளுக்குத் திரை நேரம் நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டக்கூடாது என்று உலக சுகாதார அமைப்பு 2019-இல் வரையறுத்தது. கரோனா காலத்தில், 2020 ஜூலையில், மத்திய அரசு வெளியிட்ட 'பிரக்யதா' வழிகாட்டுதல் மழலையர் வகுப்புக்கு 30 நிமிடங்களையே அனுமதித்தது. அதையும் பெற்றோருக்கு வழிகாட்டுவதற்கே என்றது. நாடே வீட்டுக்குள் முடங்கிக் கிடந்தபோது விதித்த வரம்பு இது. அமைதிக் காலத்தில் அதை மீறும் பாடத்திட்டத்தை விரும்பித் தேர்வு செய்வது விவேகமாகாது. விடியோ தாயின் கைக்கு உதவியாக இருக்கலாம். தாயின் இடத்தில் அமரக்கூடாது.

இரண்டாவது, மொழி. டாலரையும் சென்ட்டையும் எண்ணிக் கணக்குப் பழகும் குழந்தை, தெருமுனைக் கடையில் ரூபாய் நோட்டைப் பார்த்து விழிக்கும். கூடியவரை ஐந்தாம் வகுப்பு வரையிலாவது தாய்மொழியே பயிற்றுமொழியாக இருக்க வேண்டும் என்கிறது 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை. அரசின் கொள்கையை விட்டுவிட்டாலும், இந்தியக் கிறிஸ்தவத்தின் வரலாறே இதற்குச் சாட்சி. 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு தமிழ் கற்றார். 1715-இல் புதிய ஏற்பாடு தமிழில் அச்சேறியது. 1894-இல் மிசோ மலைகளை அடைந்த லோரெய்னும் சாவிட்ஜும் அம்மக்களின் மொழிக்கு எழுத்து வடிவம் தந்தார்கள். குழந்தையின் மொழியைத் தேடி வந்த மரபு அது. பென்சகோலாவின் வகுப்பறையைத் தேடிக் குழந்தை போக வேண்டும் என்பது அம்மரபுக்கு நேர் எதிரானது.

மூன்றாவது, வெளியேறும் வழி. தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் மூலம் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுத 14 வயது நிறைந்திருக்க வேண்டும். வீட்டில் கற்கும் குழந்தைக்கு எட்டக்கூடிய முக்கியக் கதவு அதுதான். அமெரிக்க நிறுவனம் தரும் சான்றிதழ் இந்தியப் பல்கலைக்கழக நுழைவுக்குத் தானாகவே சமமாகிவிடாது. அமெரிக்காவிலும்கூட, மேற்கண்ட இரு பதிப்பகங்களின் சில நூல்களை முதன்மைப் பாடநூலாகக் கொண்ட உயர்நிலைப் படிப்புகளைக் கலிபோர்னியா பல்கலைக்கழகம் ஏற்க மறுத்தது. அதை எதிர்த்த வழக்கில் 2008-இல் மாவட்ட நீதிமன்றமும், 2010-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் பல்கலைக்கழகத்தின் பக்கமே தீர்ப்பளித்தன. ஆகவே, மழலைப் பாடத்தைத் தேர்வு செய்யும் நாளிலேயே பத்தாம் வகுப்பையும், அதன் அறிவியல் பாடத்தையும் பெற்றோர் மனதில் கொள்ள வேண்டும்.

இவ்வளவையும் பெற்றோர் தலையில் சுமத்திவிட்டு அரசு ஒதுங்கி நிற்பது நியாயமா? கல்வி உரிமைச் சட்டம் வீட்டுவழிக் கல்விக்குத் தடையாக இல்லை என்று தில்லி உயர்நீதிமன்றத்தில் 2012-இல் மனிதவள மேம்பாட்டு அமைச்சகம் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்தது. அந்த நிலைப்பாட்டிலும் அமைச்சகம் உறுதியாக நிற்கவில்லை. அதே ஆண்டு நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, மதரஸாக்கள், வேத பாடசாலைகள், முதன்மையாகச் சமயக் கல்வி தரும் நிறுவனங்கள் ஆகியவற்றுக்கு விலக்கு அளித்தது. நிறுவனத்துக்கு விலக்கு உண்டு. வீட்டில் கற்பிக்கும் தாய்க்கு ஒரு வரிகூட இல்லை. நான்கைந்து குடும்பங்கள் ஒரு வீட்டில் கூடிக் குழந்தைகளுக்குப் பாடம் நடத்தினால், அங்கீகாரமற்ற பள்ளி என்று ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கவும், தொடர்ந்தால் நாளொன்றுக்குப் பத்தாயிரம் வசூலிக்கவும் 18-ஆவது பிரிவைக் காட்ட ஓர் அதிகாரிக்கு வாய்ப்பிருக்கிறது.

வீட்டில் பயிலும் குழந்தை பள்ளிகளின் புள்ளிவிவரத்தில் வராது. அக்குழந்தை நன்றாகக் கற்கிறதா, கற்காமலே காலம் கழிகிறதா என்பது யாருக்கும் தெரியாது. வீட்டுவழிக் கல்வியை நெறிப்படுத்துவது என்பது அதை ஒடுக்குவதாகாது. மாவட்டக் கல்வி அலுவலகத்தில் ஓர் எளிய பதிவு, ஆண்டுக்கு ஒருமுறை வாசிப்பையும் எண்ணறிவையும் அறியும் மதிப்பீடு, விரும்பும்போது அருகிலுள்ள பள்ளியில் வயதுக்கேற்ற வகுப்பில் சேரும் உரிமை ஆகிய மூன்றும் போதும். எந்த மதத்தைக் கற்பிக்கிறார்கள் என்று அரசு கேட்க வேண்டியதில்லை. கணக்கும் வாசிப்பும் வருகிறதா என்று மட்டும் கேட்டால் போதும்.

பள்ளிக்கு அனுப்பாத பெற்றோரைக் குற்றவாளியாகவும் பார்க்காமல், குடிமகனாகவும் மதிக்காமல் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் கடந்துவிட்டன. வேதம் எந்த மொழியில் ஓதப்பட வேண்டும் என்பதைப் பெற்றோர் முடிவு செய்யட்டும். குழந்தையின் கல்விக்கு யார் பொறுப்பு என்பதை நாடாளுமன்றம் இனியாவது முடிவு செய்ய வேண்டும்!