ஒதுக்குப்புறம் என்று ஒன்று கிடையாது

கடலோரத்தில் ஆளில்லாத இடம் என்று ஒன்று கிடையாது. ஆட்களை அப்புறப்படுத்திய இடம்தான் உண்டு. எக்கோ ரிசார்ட், இயற்கைக் குடில், பசுமை விடுதி என்று எந்தப் பெயரில் விற்றாலும் சரக்கு ஒன்றுதான்: ஆளரவமற்ற கரை. அந்தச் சரக்கை இப்போது குறிப்பாகப் பெண்களிடம் விற்கிறார்கள். அடுப்படியை மறந்துவிட்டு வா, பிள்ளைகளை விட்டுவிட்டு வா, உனக்கென்று மூன்று நாள் எடுத்துக்கொள் என்கிறார்கள். நம் களைப்பு உண்மையானது. அதனால்தான் அந்தப் பேச்சு எடுபடுகிறது. அந்தக் களைப்பைக் கேலி செய்ய நான் இதை எழுதவில்லை. அதைக் காட்டி யாருடைய இடத்தைப் பிடுங்குகிறார்கள் என்று கேட்கவே எழுதுகிறேன்.

ராமநாதபுரம் மாவட்டத்தில், மன்னார் வளைகுடாக் கரையில், அப்படியொரு விடுதியில் மூன்று இரவு தங்கினேன். வேலைக்குப் போகும் பெண்களுக்கான ஓய்வு முகாம் என்று இருபது பேரை அழைத்துப் போயிருந்தார்கள். கீற்றுக் கூரை போட்ட குடில்கள். ஏ.சி. இல்லை, டி.வி. இல்லை. சோப்பு பனையோலைக் கொட்டானில் வந்தது, காபி சிரட்டைக் கோப்பையில் வந்தது. கரைக்கு இறங்கும் பாதையில் ‘தனியார் கடற்கரை’ என்று ஒரு பலகை.

இரண்டாம் நாள் காலை கடல் வற்றியிருந்தது. பத்துப் பன்னிரண்டு பெண்கள் கரையோரமாக நடந்து வந்தார்கள். புடவைக்கு மேல் ஆண்கள் சட்டை, விரல்களில் சுற்றிய துணி, இடுப்பில் பை, நெற்றியில் ஏற்றிவிட்ட நீச்சல் கண்ணாடி. காவலுக்கு நின்ற பையன் விசில் ஊதினான். “கெஸ்ட் வந்திருக்காங்க, ரோட்டுப் பக்கமா சுத்திப் போங்க” என்றான். முன்னால் வந்த வயதான பெண் நின்று கேட்டார்: “ஏப்பா, கடலுக்குமா பட்டா வாங்கிட்டீக?” பையன் உள்ளூர்க்காரன்தான். “நான் என்ன செய்ய ஆத்தா, மேனேசரு பாத்தா என்னியத்தான் வைவாரு” என்றான். அவர்கள் சுற்றிக்கொண்டு போனார்கள். அன்று காலை எங்கள் முகாமில் வைத்திருந்த வகுப்பின் தலைப்பு, ‘நமக்கான வெளியை மீட்டெடுப்பது’.

சுற்றிப் போன அந்தப் பெண்கள் கடல்பாசி எடுப்பவர்கள். பாம்பன், ராமேஸ்வரம் தீவிலிருந்து கீழக்கரைப் பக்கம் வரை இந்தக் கரையில் தலைமுறைகளாகப் பெண்கள் செய்யும் தொழில் இது. மரிக்கொழுந்து, கட்டக்கோரை, கஞ்சிப்பாசி என்று பாசிக்குப் பாசி பெயர் வைத்திருக்கிறார்கள். காலில் தகட்டைத் துடுப்பாகக் கட்டிக்கொண்டு, மூச்சடக்கி மூழ்கி, பாறையிலிருந்து பறித்து, கரைக்குக் கொண்டுவந்து காயப்போட்டு விற்கிறார்கள். மரிக்கொழுந்திலிருந்து அகர் எடுக்கிறார்கள். கட்டக்கோரையிலிருந்து எடுக்கும் ஆல்ஜினேட், ஐஸ்கிரீமிலும் மருந்திலும் அழகுப் பொருட்களிலும் சேர்கிறது. எங்கள் விடுதியின் மசாஜ் அறைப் பட்டியலில் கடல்பாசி முகப்பூச்சு இருந்தது. பாசிக்கு உள்ளே இடம் உண்டு. அதைப் பறித்தவளுக்குத்தான் கரையில்கூட இடம் இல்லை.

இந்தப் பெண்களைக் கடலிலிருந்து தள்ளிவைக்கும் வேலையை விடுதிக்காரர்கள் தொடங்கவில்லை. தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையே உள்ள 21 தீவுகளையும் சுற்றியுள்ள கடலையும் 1986இல் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா என்று அறிவித்தார்கள். 1989இல் உயிர்க்கோளக் காப்பகம் ஆக்கினார்கள். பவளப்பாறைக்குப் பாதுகாப்பு தேவை, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் பவளத்தைப் பாளம் பாளமாக வெட்டிச் சுண்ணாம்புக்கும் சிமென்டுக்கும் கொண்டுபோனது யார்? விலங்குசல்லி, பூவரசன்பட்டி என்ற இரண்டு தீவுகளே நீருக்குள் போனதற்கு அந்த வெட்டும் ஒரு காரணம். அதைச் செய்தவர்கள் பாசி எடுக்கும் பெண்கள் அல்ல. அயல்நாட்டுப் பாசி இனம் ஒன்றை வளர்ப்புக்கென்று நிறுவனம் இறக்கியது. அது குருசடைத் தீவுப் பக்கம் பவளத்தின் மேல் படர்ந்தது. அதுவும் இவர்கள் செய்ததல்ல. தீவுக்கு அருகே போனதற்காகப் பிடிபட்டு, பையைப் பறிகொடுத்து, அபராதம் கட்டி நின்றவர்கள் மட்டும் இவர்கள்.

இத்தனைக்கும் எப்படி எடுப்பது, எப்போது நிறுத்துவது என்பதற்கு அவர்களிடமே கட்டுப்பாடு உண்டு. சின்னப்பாலம் போன்ற ஊர்களின் பெண்கள் கூடிப் பேசி, அமாவாசையை ஒட்டியும் பௌர்ணமியை ஒட்டியுமாக மாதத்தில் 12 நாள் மட்டுமே கடலில் இறங்குவது என்று வைத்துக்கொண்டார்கள். சுரண்டியை விட்டுவிட்டுக் கையால் பறிப்பது என்றும் முடிவு செய்தார்கள், அடிவேர் நின்றால்தான் மறுபடி முளைக்கும் என்பதற்காக. இதற்குப் பெயர் சுற்றுச்சூழல் பாதுகாப்பு இல்லையென்றால் வேறு எதற்கு அந்தப் பெயர்? ஆனால் அந்தச் சொல்லை அவர்களுக்குத் தர யாரும் தயாராக இல்லை. கயாக் படகும் மூச்சுக்குழாயும் வாடகைக்குத் தரும் விடுதி ‘எக்கோ’. பவளத்தைப் பார்க்கக் கடலில் இறங்கும் விருந்தாளி இயற்கை ஆர்வலர். பாசிக்காக அதே கடலில் இறங்கும் பெண் அத்துமீறுபவள். ஒரே தண்ணீர்தான். அதில் இறங்குகிறவளின் வர்க்கத்தைப் பார்த்துப் பெயர் மாறுகிறது.

குடிசைக்கும் இதே கதை. கீற்றுக் கூரையின் கீழ் கரையில் வாழ்ந்த குடும்பங்களை 2004 சுனாமிக்குப் பிறகு பாதுகாப்பின் பெயரால் நகரச் சொன்னார்கள். கடலிலிருந்து 200 மீட்டருக்குள் இருந்த வீட்டை விட்டுக்கொடுத்தால் தள்ளிப்போய்ப் புது வீடு, விட்டுக்கொடுக்க மறுத்தால் உதவி கிடையாது என்று 2005 மார்ச்சில் தமிழக அரசு ஆணை போட்டது. கரையை விட்டுத் தள்ளி வைத்த வீட்டிலிருந்து கூடையைச் சுமந்து ஏலத்துக்கு நடப்பது பெண்ணின் கால்தான். அதே கீற்றைப் போட்டு, அதே மணலில், இரவுக்கு இவ்வளவு என்று விலை வைத்தால் அது குடிசை இல்லை, காட்டேஜ்.

விடுதிக்குள்ளே நடப்பதையும் பார்ப்போம். அறையைச் சுத்தம் செய்ய வந்த பெண் முதல் நாள் என்னை மேடம் என்றார். இரண்டாம் நாள் அக்கா என்றார். விரிப்பெல்லாம் எங்கே துவைக்கிறீர்கள் என்று கேட்டேன். “கையாலதான்க்கா. மிஷினு கரண்டு தின்னுமாம்” என்றார். கொஞ்சம் நிறுத்தி, “வீட்டுல துவைக்கத் தண்ணி கெடையாது. இங்கன வந்து ஊருக்கெல்லாம் துவைக்கேன்” என்று சிரித்தார்.

இந்த வரியில் முழுக் கணக்கும் இருக்கிறது. இயந்திரம் இல்லாத, பிளாஸ்டிக் இல்லாத, ரசாயனம் இல்லாத வாழ்க்கை யாரோ ஒருவரின் கையால் நடக்கிறது. விரிப்பைக் கசக்குவதும் ஓலை முடைவதும் அம்மியில் அரைப்பதும் குப்பையை மக்கும், மக்காதது என்று பிரிப்பதும் அந்தக் கைதான். மிச்சப்பட்ட மின்சாரத்தை விடுதி தன் அறிவிப்பில் எழுதுகிறது. அதற்கு ஈடாகச் செலவான தோள்பட்டையை எந்த அறிவிப்பிலும் எழுதுவதில்லை. வீட்டில் பெண்ணின் உழைப்பைக் கணக்கில் சேர்க்காத அதே பழக்கம்தான் இங்கே பசுமை என்ற பெயரில் தொடர்கிறது.

தண்ணீர் இன்னும் கொடுமை. கடலோர மணலுக்கடியில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே ஓரடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே ஏறக்குறைய நாற்பதடி ஆழத்துக்கு நல்ல தண்ணீர் இருக்கும் என்பது பொதுவான கணக்கு. மேலே ஓரடி குறையும் அளவுக்கு மோட்டார் வைத்து உறிஞ்சி எடுத்தால் உப்பு நாளடைவில் ஏறக்குறைய நாற்பதடி கீழிருந்து ஏறி வரும். ராமேஸ்வரம் கரையில் மணலைத் தோண்டி ஊற்றில் சுரக்கும் தண்ணீரைச் சிரட்டையால் மொண்டு குடத்தில் ஊற்றும் பெண்களைப் பலரும் பார்த்திருப்பீர்கள். பக்கத்தில் ஒரு நீச்சல் குளமும் இருபது ஷவரும் வந்தால் அந்த ஊற்று என்ன ஆகும்? கரித்த பிறகு அடுத்த ஊற்றைத் தேடி நடப்பது யார்? எந்த ஊரிலும் இந்தக் கேள்விக்கு விடை ஆண்பால் அல்ல.

இதற்கெல்லாம் சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. 1991இலிருந்து கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை நடைமுறையில் உள்ளது. கரையோர விடுதிகளுக்கு அது விதித்த நிபந்தனைகளைப் படித்துப் பாருங்கள். உயர் அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் நிலத்தடி நீர் எடுக்கக் கூடாது. மணல் மேட்டைச் சமப்படுத்தக் கூடாது. வேலி போட்டாலும் பொதுமக்கள் கரைக்கு வருவதை மறிக்கக் கூடாது. அப்படியானால் ‘தனியார் கடற்கரை’ என்ற பலகைக்கு எந்தச் சட்டத்திலும் இடம் இல்லை. விசிலுக்கும் இல்லை.

ஆனால் அந்தச் சட்டமே தேய்ந்துகொண்டிருக்கிறது. 2019 ஜனவரியில் வந்த புதிய அறிவிக்கை, சதுர கிலோமீட்டருக்கு 2161 பேருக்கு மேல் வாழும் கிராமக் கரைகளில் கட்டடம் கூடாத பகுதியை 200 மீட்டரிலிருந்து 50 மீட்டராகக் குறைத்தது. கடற்கரையிலேயே தற்காலிகச் சுற்றுலாக் குடில்களுக்கும் வழிவிட்டது. இதற்காகத் தயாரான வரைவு வரைபடங்களில் தங்கள் ஊர்களும் பொது இடங்களும் விடுபட்டிருக்கின்றன என்று தமிழ்நாட்டு மீனவர் அமைப்புகள் எதிர்ப்புத் தெரிவித்தன. படகு நிறுத்துமிடத்தை வரைபடத்தில் கேட்கவாவது ஆண்கள் சங்கம் வைத்திருக்கிறார்கள். கருவாடு காயும் மணலையும், பாசி உலரும் மேட்டையும், ஊற்றுத் தோண்டும் பள்ளத்தையும் யார் கேட்பது? பெண்கள் வேலை செய்யும் இடம் அரசின் காகிதத்தில் வெற்றிடம். அந்த வெற்றிடத்தைத்தான் விடுதிக்காரர் ஆளரவமற்ற கரை என்று நம்மிடம் விற்கிறார்.

இப்படிப் பேசினால் இரண்டு பதில்கள் வரும். முதலாவது, உள்ளூர்ப் பெண்களுக்கு வேலை கிடைக்கிறதே. கிடைக்கிறது. சொந்த நேரத்தில், சொந்தக் குழுவோடு, எப்போது இறங்குவது எப்போது நிறுத்துவது என்று தானே முடிவு செய்த தொழிலாளி, இன்னொருவர் விரிப்பைத் துவைக்கும் கூலியாக ஆகிறாள். இதை முன்னேற்றம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இரண்டாவது, பெண்கள் பயமில்லாமல் இருக்க ஓர் இடம் வேண்டாமா? கட்டாயம் வேண்டும். ஆனால் வேலியும் காவலாளும் போட்டு நமக்குத் தரும் பாதுகாப்பு, வெளியே இருக்கும் ஊரே ஆபத்து என்ற எண்ணத்தின் மேல் நிற்கிறது. கறுத்த உடம்பு, மீன் வாடை, உரத்த குரல் எல்லாம் அந்த எண்ணத்தில் ஆபத்தின் அடையாளங்கள். சாதியை இதைவிட நாசூக்காக விற்க முடியாது. அலுவலகத்திலும் வீட்டிலும் நம்மை மிரட்டியவர்கள் யாரும் வலை இழுப்பவர்கள் அல்லர் என்பது நமக்கே தெரியும்.

கடலோரம் போகாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. இதே மாவட்டத்தில் காரங்காட்டில் அலையாத்திக் காட்டைப் பார்க்க வருகிறவர்களை வனத்துறையோடு சேர்ந்து ஊர்க்காரர்களே படகில் கூட்டிப்போகிறார்கள். சாப்பாடு ஊர்ப் பெண்களின் சமையல். அங்கே ஊரை மறைத்துவிட்டு இயற்கையைக் காட்ட வேண்டிய தேவை இல்லை. எல்லாக் குறையும் தீர்ந்த ஏற்பாடு என்று சொல்ல மாட்டேன். ஆனால் விருந்தாளி யார், வீட்டுக்காரர் யார் என்பதில் அங்கே குழப்பம் கிடையாது.

ஆகவே அறை பதிவு செய்யும் முன் மூன்று கேள்விகள் கேளுங்கள். தண்ணீர் எங்கிருந்து வருகிறது? ஊர்ப் பெண்கள் கரைக்குப் போகும் வழி எது? துணியை யார் துவைக்கிறார்கள், எந்தத் தண்ணீரில், என்ன கூலிக்கு? பதில் சொல்லாத இடத்துக்குப் பணம் கட்டாதீர்கள். முகாம் நடத்தும் பெண்கள் அமைப்புகளே, உங்களிடம் கூடுதலாக ஒன்று கேட்கிறேன். வேலி போட்ட கரையில் பெண்விடுதலை வகுப்பு எடுக்காதீர்கள்.

அரசிடம் கேட்க வேண்டியது வேறு. பெண்கள் உலர்த்தும், பிரிக்கும், தோண்டும், நடக்கும் ஒவ்வொரு இடத்தையும் அந்தப் பெண்களை வைத்தே கடலோர வரைபடத்தில் குறிக்க வேண்டும். பாசி எடுக்கும் பெண்ணை மீனவர் என்று பதிவேட்டில் ஏற்ற வேண்டும். கரையை மறிக்கும் ஒவ்வொரு பலகையையும் பிடுங்க வேண்டும்.

நமக்கு ஓய்வு வேண்டும். வாரத்தில் ஒருநாள் சமைக்காமல் இருக்கவும், பிள்ளையை அப்பன் பார்த்துக்கொள்ளவும், எட்டு மணி நேரத்துக்கு மேல் வேலை செய்ய மாட்டேன் என்று சொல்லவும் நமக்கு உரிமை வேண்டும். அந்தச் சண்டையை வீட்டிலும் வேலையிடத்திலும் போட வேண்டும். அங்கே போடாமல் மூன்று இரவுக்கு விலை கொடுத்து வாங்கும் ஓய்வை, பாசிப் பையோடு ரோட்டைச் சுற்றி நடக்கும் பெண்ணின் காலிலிருந்துதான் நமக்கு எடுத்துத் தருகிறார்கள். அவளுக்கும் இடுப்பு வலிக்கிறது. அவளுக்கும் கடற்காற்று வேண்டும்.